ஆறு மாதத்தில் அடங்கிப்போகும் மரபணு

சென்னை பாடியில் எம்.டி.எச். சாலையை ஒட்டிய ரத்தப் பரிசோதனை நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குத் தரும் அறிக்கைகள் சிலவற்றில் 'ஹெச்பி எஃப்' என்று ஒரு வரி இருக்கும். எதிரே 0.5, 0.8 என்று ஒன்றைத் தாண்டாத ஓர் எண். கரு ஹீமோகுளோபினின் விழுக்காடு அது. டாக்டரின் பார்வை அங்கே நிற்காது, நிற்க வேண்டியதும் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் அதே பெண்ணின் வயிற்றில் வளரும் சிசுவின் ரத்தத்தைச் சோதித்தால் அந்த வரியில் 80ஐத் தாண்டிய எண் வரும். தாயும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தாள். அவள் பிறந்து ஆறு மாதம் ஆவதற்குள் அந்த ஹீமோகுளோபின் மெல்ல மெல்ல வற்றிப்போனது. அதைச் செய்யும் மரபணு தொலைந்துவிடவில்லை. இன்றைக்கும் அவள் செல்களில் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கிறது. ஏதோ ஒன்று அதைப் பேசவிடாமல் வைத்திருக்கிறது.

அது ஒரு புரதம். டிஎன்ஏவின் மேல் குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தேடிப்போய் உட்கார்ந்து, பக்கத்திலுள்ள மரபணுவை அடக்கிவைக்கும் புரதம். அதைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்கு அறுபது ஆண்டு பிடித்தது. அந்தக் கதையின் தொடக்க அத்தியாயங்களில் ஒன்று நீலகிரியில் நடந்தது. பிந்தைய அத்தியாயம் ஒன்று வேலூரில் நடந்தது. பாடிக்கும் அம்பத்தூருக்கும் இதில் ஒரு வேலை காத்திருக்கிறது என்பது என் எண்ணம். அதைச் சொல்லத்தான் பழைய கதையை எடுக்கிறேன்.

1952இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் தென்னிந்தியாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். லேமன் ஜெர்மனியில் பிறந்து பிரிட்டனில் குடியேறியவர், போர்க்காலத்தில் ராணுவ மருத்துவராக இந்தியாவில் இருந்தவர். நீலகிரியின் பழங்குடி மக்களிடம் எடுத்த ரத்தத்தில் அவர்கள் கண்டது அரிவாள் செல் மரபணு. ஆக்சிஜன் குறைந்தால் சிவப்பணு வளைந்து அரிவாள் வடிவம் எடுக்கும் குறைபாடு. அதுவரை ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. 1910இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் முதன்முதலில் விவரித்த நோயாளியும் கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த கறுப்பின மாணவர்தான். நம் மலைகளில் அது இருக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

லேமனின் தேடலுக்குப் பின்னால் ஓர் இனவியல் கொள்கை இருந்தது. தென்னிந்தியப் பழங்குடிகளையும் அரேபிய, ஆப்பிரிக்க மக்களையும் ஒரே பூர்வ குடியோடு முடிச்சுப்போட்ட கொள்கை. அது நிற்கவில்லை. பின்னாளில் டிஎன்ஏவைப் படித்தபோது, இந்தியாவிலும் அரேபியாவின் கிழக்குக் கரையிலும் காணப்படும் அரிவாள் செல் மரபணு ஆப்பிரிக்காவில் காணப்படுபவற்றிலிருந்து வேறான சூழலில் அமர்ந்திருப்பது தெரிந்தது. மலேரியா பரவிய நிலங்களில் பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு கிடைத்தது. அதனால்தான் அது நிலைத்தது. இருவரிடமிருந்தும் பெற்றவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். எலும்பைப் பிளக்கும் வலி, மண்ணீரல் வீக்கம், ஓயாத ரத்தசோகை, சிறு வயது மரணம். அன்றைக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க யாரிடமும் ஒரு மாத்திரைகூட இல்லை.

ஆனால் ஒரு துப்பு அதற்கு நான்கு ஆண்டு முன்பே கிடைத்திருந்தது. நியூயார்க்கில் குழந்தை மருத்துவரான ஜேனட் வாட்சன் 1948இல் ஒன்றைக் கவனித்தார். அரிவாள் செல் நோயோடு பிறந்த குழந்தைகளுக்கு முதல் சில மாதங்களில் நோயே இல்லை. அவர்களுடைய சிவப்பணுக்கள் எளிதில் வளையவும் இல்லை. குழந்தை ரத்தத்தில் நிறைந்திருக்கும் கரு ஹீமோகுளோபின்தான் காப்பாற்றுகிறது என்று அவர் ஊகித்தார். 1955இல் எடிங்டன் என்பவரும் அதே லேமனும், இன்று கானா எனப்படும் கோல்ட் கோஸ்ட்டில், வளர்ந்த பிறகும் கரு ஹீமோகுளோபின் வற்றாமல் இருந்தவர்களைப் பற்றி எழுதினார்கள். அரிவாள் செல் மரபணுவோடு இந்த வற்றாத தன்மையும் சேர்ந்தே வாய்த்தவர்களை அந்த நோய் பெரும்பாலும் அண்டுவதில்லை. இயற்கையே வழியைக் காட்டிவிட்டது. அடங்கிப்போன மரபணுவை மறுபடி எழுப்பத் தெரிந்தால் போதும். எப்படி எழுப்புவது என்பதற்குத்தான் அரை நூற்றாண்டு.

இங்கே கொஞ்சம் நின்று அந்த மரபணுக்களைப் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்தது. இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. கருவில் பீட்டாவின் இடத்தில் காமா என்ற வேறு சங்கிலி. காமா சேர்ந்த ஹீமோகுளோபினுக்கு ஆக்சிஜன் மேல் பிடிப்பு அதிகம், அதனால்தான் நஞ்சுக்கொடி வழியே தாயின் ரத்தத்திலிருந்து குழந்தையால் ஆக்சிஜனை வாங்கிக்கொள்ள முடிகிறது. இந்தப் பீட்டா குடும்பத்து மரபணுக்கள் 11ஆம் குரோமோசோமில் வரிசையாக இருக்கின்றன. முதலில் எப்சிலான், அடுத்து இரண்டு காமா, பிறகு டெல்டா, கடைசியில் பீட்டா. ஆச்சரியம் என்னவென்றால் வளர்ச்சியில் அவை வேலைக்கு வருவதும் அந்த வரிசையில்தான். கருவின் முதல் சில வாரங்களில் எப்சிலான், கல்லீரலில் ரத்தம் ஊறும் மாதங்களில் காமா, பிறந்தபின் எலும்பு மஜ்ஜையில் பீட்டா. அரிவாள் செல் நோயில் பழுதானது பீட்டா மட்டுமே. 1956இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இன்கிராம் அந்தப் பழுதின் இடத்தைக் கண்டார். புரதத்தின் 6ஆம் இடத்தில் குளுடாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின். டிஎன்ஏவில் ஏ என்ற எழுத்து டி ஆகிவிட்டிருக்கிறது. அவ்வளவே. காமாவில் எந்தக் குறையும் இல்லை.

பாடிக்காரர்களுக்கு இதை விளக்க நல்ல உவமை ஊரிலேயே இருக்கிறது. 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் ஆலையில் செய்யப்படும் ஸ்டார்ட்டர் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பியதும் அதன் சிறு பல்சக்கரம் முன்னால் வந்து இன்ஜினின் பெரிய சக்கரத்தைப் பற்றிச் சுழற்றும். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் தானே பின்வாங்கிவிடும். காமா மரபணு உயிருக்கு அப்படி ஒரு தொடக்கம் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது. பீட்டா என்ற இன்ஜினே பழுது என்று தெரிந்தால், விலகியதைத் திரும்ப முன்னால் கொண்டுவர வழி உண்டா என்பதே கேள்வி. அதற்கு, விலக்கியது எது என்று தெரிய வேண்டும்.

ஒரு மரபணுவை இன்னொரு மரபணு தரும் புரதம் அடக்கிவைக்கலாம் என்ற கருத்தை 1961இல் பாரிஸில் ஷாக் மோனோவும் ஃபிரான்சுவா ஷாகோபும் பாக்டீரியாவைக் கொண்டு முன்வைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அப்படிப்பட்ட புரதங்கள் கையில் கிடைத்தன. டிஎன்ஏவை அவை எப்படிப் படிக்கின்றன என்பது அடுத்த கேள்வி. டிஎன்ஏ முறுக்குண்ட ஏணி. அதன் புறத்தில் ஓடும் அகன்ற பள்ளத்தில் எழுத்துகளின் விளிம்புகள் தெரியும். ஏணியைப் பிரிக்காமலே, அந்தப் பள்ளத்தில் தன் சுருள் ஒன்றைப் பொருத்தி, விளிம்புகளைத் தடவித் தெரிந்துகொள்கிறது புரதம். 1985இல் ஆரன் க்ளூக், துத்தநாக அணு ஒன்றைப் பிடித்துக்கொண்டு விரல்போல மடியும் அமைப்பை முன்மொழிந்தார். ஒரு விரல் ஏறக்குறைய மூன்று எழுத்தைப் பிடிக்கும். அடுத்தடுத்து விரல்கள் இருந்தால் நீண்ட சொல்லையே படிக்கலாம். நம் உடலில் டிஎன்ஏவைத் தொட்டு வேலை செய்யும் புரதங்களில் இந்த வகைதான் பெரும் குடும்பம்.

இதில் சென்னைக்கு ஓர் உரிமை உண்டு. ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடியலாம், எதில் மடிய முடியாது என்பதை 1963இல் வரைந்து காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவர். இன்றைக்கும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பு தீர்க்கப்பட்டாலும், விரல்போல மடியும் இந்தப் புரதங்கள் உட்பட, அது சரியா என்று பார்ப்பது அந்த வரைபடத்தில்தான். சிதம்பரத்தில், நீலகிரிக் கட்டுரை வந்த அதே 1952இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், ரைபோசோமுக்காக நோபல் பரிசு பெறுவதற்கு வெகுகாலம் முன்பே, 1993இல் ஹிஸ்டோன் ஹெச்5 என்ற புரதத்தின் மையப் பகுதியின் வடிவத்தைத் தீர்த்தவர். ஹெச்5 கோழியின் சிவப்பணுக்களில் இருப்பது. மனிதனின் சிவப்பணு முதிரும்போது உட்கருவையே வெளியே தள்ளிவிடும். கோழியின் சிவப்பணு உட்கருவை வைத்துக்கொள்ளும், ஆனால் ஹெச்5 டிஎன்ஏவை இறுகச் சுருட்டி அதன் பெரும்பகுதியை ஓய வைத்துவிடும். மரபணு இருப்பது ஒன்று, அது வேலை செய்வது வேறொன்று என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

காமாவை அடக்கும் புரதம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2007, 2008இல் லண்டனிலும் சார்டீனியாவிலும் ஆயிரக்கணக்கானோரின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டவர்கள், கரு ஹீமோகுளோபின் சிலருக்குச் சற்றுக் கூடுதலாக இருப்பதற்கும் 2ஆம் குரோமோசோமில் உள்ள பிசிஎல்11ஏ என்ற மரபணுவுக்கும் தொடர்பு கண்டார்கள். 2008இல் பாஸ்டனில் விஜய் சங்கரனும் ஸ்டூவர்ட் ஆர்கினும் அந்தப் புரதத்தைச் சிவப்பணுக்களின் மூல செல்களில் குறைத்துப் பார்த்தார்கள். காமா எழுந்தது. துத்தநாக விரல்கள் கொண்ட இந்தப் புரதம் சரியாக எங்கே உட்காருகிறது என்பது தெளிய இன்னும் பத்து ஆண்டு ஆனது. காமா தொடங்கும் இடத்துக்குச் சுமார் 115 எழுத்து முன்னால், டி-ஜி-ஏ-சி-சி-ஏ என்ற ஆறு எழுத்தில். பிறவியிலேயே கரு ஹீமோகுளோபின் வற்றாத குடும்பங்கள் சிலவற்றில் எழுத்துப்பிழை இருந்தது இந்த இடத்தில்தான். பிழையான இடத்தில் அடக்கும் புரதத்தால் உட்கார முடியவில்லை. கோல்ட் கோஸ்ட்டில் தொடங்கிய புதிருக்குக் கிடைத்த பதில்களில் இது ஒன்று.

2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை இந்த அறிவின் நேர் வாரிசு. நோயாளியின் எலும்பு மஜ்ஜை மூல செல்களை எடுத்து, சிவப்பணுக்களில் மட்டும் பிசிஎல்11ஏ குறையும்படி வெட்டி, திரும்பச் செலுத்துகிறார்கள். 'சிவப்பணுக்களில் மட்டும்' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நோய் எதிர்ப்பு செல்கள் உருவாகவும் மூளை வளரவும் இதே புரதம் தேவை. பிறவியில் இதன் ஒரு பிரதி பழுதானவர்களுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு வருகிறது. ஒரே புரதம் ஒவ்வொரு வகை செல்லிலும் ஒவ்வொரு வேலை செய்கிறது. அதனால் அதை எங்கே குறைப்பது என்பது எவ்வளவு குறைப்பது என்பதைவிடப் பெரிய கேள்வி.

இனி வேலூருக்கு வருகிறேன். பாடியை ஒட்டி வில்லிவாக்கம், கொரட்டூர் வழியாக மேற்கே போகும் ரயில் பாதை 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் பாதை. அதில் காட்பாடி வரை போகிறவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று சொல்லும் அளவுக்கு, வேலூர் என்றால் நமக்கு சி.எம்.சி. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையை 1986இலேயே தொடங்கிய இடம் அது. அங்கே உள்ள ஸ்டெம் செல் ஆய்வு மையத்தில் மோகன்குமார் தலைமையிலான குழு 2022இல் ஒரு முடிவை வெளியிட்டது. அவர்கள் டிஎன்ஏவை வெட்டவில்லை. ஓர் எழுத்தை இன்னோர் எழுத்தாக மாற்றும் முறையைக் கொண்டு, காமாவுக்கு முன்னால் உள்ள பகுதியில் ஒவ்வோர் இடமாக மாற்றிப் பார்த்துக்கொண்டே போனார்கள். 123, 124ஆம் இடங்களில் டி என்ற எழுத்தை சி ஆக மாற்றியபோது கரு ஹீமோகுளோபின் ஏறியது. பிசிஎல்11ஏ உட்காரும் இடத்தைக் கலைத்தபோது ஏறியதைவிடக் கூடுதலாக ஏறியது.

காரணம் இன்னும் அழகு. அந்த மாற்றம் அடக்கும் புரதத்தை விரட்டவில்லை. எழுப்பும் புரதம் ஒன்றுக்குப் புதிதாக இடம் போட்டுக் கொடுத்தது. கேஎல்எஃப்1 என்ற அதுவும் துத்தநாக விரல் புரதம்தான், சிவப்பணு வளர்ச்சிக்கு இன்றியமையாதது. வழக்கமாக அது பீட்டாவை எழுப்புகிறது. போதாததற்கு பிசிஎல்11ஏவுக்கும் ஊக்கம் கொடுத்துக் காமாவை மறைமுகமாக அடக்குகிறது. அதே புரதத்தைக் காமாவின் வாசலிலேயே உட்கார வைத்து, காமாவை எழுப்ப வைத்தார்கள். ஆய்வகத்தில் கண்ட முடிவுதான், மருந்தாக வர வெகுதூரம் இருக்கிறது. ஆனாலும் இந்த நோய் இந்தியாவிலும் உண்டு என்று உலகுக்குக் காட்டிய மாநிலத்திலிருந்தே இந்த யோசனை வந்ததில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

பெருமையோடு சேர்ந்து ஒரு கவலையும் இருக்கிறது. அமெரிக்கச் சிகிச்சையின் விலை 22 லட்சம் டாலர், நம் பணத்தில் 18 கோடி ரூபாய்க்கு மேல். அதுவும் கடும் மருந்து கொடுத்து மஜ்ஜையை முதலில் காலிசெய்த பிறகு. கூடலூரில் ஓர் இருளர் குடும்பத்துக்கோ பணியர் குடும்பத்துக்கோ அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மரபணுச் சிகிச்சை பற்றிய செய்திகள் நாளிதழில் வரும்போதெல்லாம், கையில் இருக்கும் எளிய மருந்தை நாம் மறந்துவிடுகிறோம். ஹைட்ராக்ஸியூரியா. கரு ஹீமோகுளோபினை அது உயர்த்துவதை 1984இல் கண்டார்கள். 1995இல் 299 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் வலித் தாக்குதல்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. காப்பியம்போல் நீண்ட ஆராய்ச்சியின் பலன் ஒரு மாத்திரையில் இருக்கிறது. நம் நாட்டிலேயே செய்கிறார்கள், விலையும் அதிகமில்லை. கோத்தகிரியில் நாவா தொண்டு நிறுவனமும் கூடலூரில் அஷ்வினி ஆதிவாசி மருத்துவமனையும் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கண்டறிந்து, விடாமல் தொடர்ந்து கவனித்து வந்திருக்கின்றன. இந்த நோயில் உயிர்களைக் காப்பது பெரும்பாலும் இந்தச் சலிக்காத வேலைதான்.

பாடிக்கு என்ன வேலை என்று முன்னால் சொன்னேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் பாடியைச் சுற்றியுள்ள பட்டறைகளிலும் இன்று வேலை செய்கிறவர்களில் கணிசமானோர் ஒடிசாவிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்த இளைஞர்கள். மேற்கு ஒடிசாவும் சத்தீஸ்கரும் நாட்டிலேயே அரிவாள் செல் மரபணு அதிகம் உள்ள பகுதிகள். இந்திய வகை நோயில் கரு ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்று அதிகமாக இருப்பதால் பலருக்கு அது வெகுநாள் தலைகாட்டாமல் இருக்கும். ஆனால் உடலில் நீர் வற்றினால், அதிகம் உழைத்து இளைத்தால், காய்ச்சல் கண்டால் திடீரென்று எழும். உலை முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் ஒரு பையனுக்கு இந்த மூன்றும் எப்போதும் பக்கத்தில்தான். அவன் தொடை எலும்பும் முதுகும் வலிக்கிறது என்று தெருமுனை கிளினிக்குக்கு வருகிறான். வலி ஊசி போடுகிறார்கள், ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதுகிறார்கள், மஞ்சள் கண்ணைப் பார்த்துக் காமாலை என்று பத்தியம் சொல்கிறார்கள். இந்தி தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருந்து, ஊரில் அண்ணன் தங்கைக்கும் இப்படி வலி வருமா என்று கேட்டிருந்தால் பாதி நோய் அங்கேயே பிடிபட்டிருக்கும். ஒரு சொட்டு ரத்தத்தில் செய்யும் கரைதிறன் சோதனைக்குச் சில நிமிடம் போதும்.

2023 ஜூலை 1ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாஹ்டோலில் பிரதமர் தொடங்கிவைத்த தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம், 17 மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிக்கும் இலக்கு கொண்டது. தேவையான திட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அது மாவட்டங்களை எண்ணுகிறது. சம்பல்பூரிலோ ராய்பூரிலோ கணக்கெடுப்பு நடக்கும் நாளில் அந்த மாவட்டத்து இளைஞன் பட்டரவாக்கத்தில் நைட் ஷிஃப்டில் இருக்கிறான். அவனோடு வந்த மனைவிக்குப் பிரசவம் இங்கேதான் நடக்கிறது. ஆகவே திருவள்ளூர், சென்னை மாவட்டங்களின் தொழிற்பகுதிகளையும் இந்தத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். தொழிற்சாலை மருத்துவ முகாம்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பதோடு இதையும் பார்க்க வேண்டும். நோய் உள்ளவன் என்று தெரிந்ததும் வேலையை விட்டு நிறுத்தாமல், நிழலும் தண்ணீரும் இடைவேளையும் உள்ள வேலைக்கு மாற்ற வேண்டும். அந்த உறுதிமொழி இல்லாமல் எந்தத் தொழிலாளியும் கையை நீட்டமாட்டான், நீட்டச் சொல்வதும் நியாயமில்லை.

அதைவிட அவசரமானது குழந்தைகள். தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. இந்த வசதி பல மாநிலங்களுக்குக் கனவு. காமா மரபணு அடங்கிப்போகும் முன், குழந்தை இன்னும் கரு ஹீமோகுளோபினின் காவலில் இருக்கும் நாட்களில், குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு துளியில் நோய் தெரிந்துவிடும். 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அரிவாள் செல் நோயுள்ள சிறு குழந்தைகளுக்குத் தினம் இரண்டு வேளை பெனிசிலின் கொடுத்ததில் உயிரைப் பறிக்கும் நிமோகாக்கஸ் தொற்று 84 விழுக்காடு குறைந்தது. இரண்டு மாதத்தில் பெனிசிலினைத் தொடங்கி ஐந்து வயது வரை கொடுக்க வேண்டும், தடுப்பூசிகள் தவறக் கூடாது, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வரும்படி தாய்க்கு அவள் மொழியில் சொல்லி அனுப்ப வேண்டும். பரிசோதனைக் கருவிகள் பெரிய மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கின்றன. பிரசவ வார்டிலிருந்து தாயும் சேயும் வீட்டுக்குக் கிளம்பும் முன் அந்தத் துளி ரத்தம் வடிதாளில் விழுந்து காய்ந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு நிதி ஒதுக்கீட்டிலேயே இதற்கு இடம் கேட்கலாம்.